தாழ்ந்த காரா, உயர்ந்த ஜீப்பா: உப்பலவாடியில் ஒரு நிகழ்வு ஆய்வு

2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மறைந்த என் நண்பரின் மகள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டாள். “மாமா, என்னிடம் இருபத்து மூன்று லட்சம் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கட்டுமா, ஜீப் வாங்கட்டுமா?”

நான் வாகன இழப்பு மதிப்பீட்டாளன். இன்சூரன்ஸ் சர்வேயர் என்றால் எல்லோருக்கும் புரியும். கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி வட்டாரத்தில் விபத்திலும் வெள்ளத்திலும் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, இழப்பு எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது இருபத்தைந்து ஆண்டுகளாக என் வேலை. அதற்கு முன்பு அவளுடைய அப்பாவும் நானும் முதுநகரில் ஒரு பட்டறை நடத்தினோம். அதனால் வண்டி பற்றிய கேள்வி எதுவானாலும் அவள் என்னிடம்தான் வருவாள். அன்று நான் யோசிக்கவே இல்லை. “ஜீப்தான் அம்மா. தென்பெண்ணைக் கரையில் குடியிருந்துகொண்டு வேறு எதை வாங்குவாய்? வெள்ளம் வந்தால் ஜீப்தான் நீந்தும்” என்றேன்.

கடைசியில் அவள் ஜீப்தான் வாங்கினாள். ஆனால் அன்று நான் சொன்ன காரணம் தவறு. அதே காரணத்தை நம்பி இந்தக் கடற்கரையில் பலர் பெரிய தொகையைப் போட்டு வண்டி வாங்குவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த நிகழ்வைத் தொடக்கத்திலிருந்து எழுதி வைக்கிறேன்.

கேட்டவளும் அவள் வீடும்

அவள் கால்நடை மருத்துவர். வயது முப்பத்தாறு. சொந்தமாகத் தொழில் செய்கிறாள். பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்துப் பால்மாட்டுக் கொட்டகைகள், இந்தப் பக்கம் நெல்லிக்குப்பம் வரையிலான கிராமங்கள் என்று ஒரு நாளைக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் ஓடுகிறாள். பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது. நடுவில் தமிழ்நாட்டு ஊர்கள் வரும். ஒரே காலைப்பொழுதில் நான்கு தடவை எல்லை தாண்டுவது அவளுக்கு வழக்கம். கணவருக்குப் புதுச்சேரியில் வங்கி வேலை. எட்டு வயதில் ஒரு மகள். மூட்டுவலியோடு மாமியார். வீடு குண்டு உப்பலவாடியில், ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அவள் வீட்டில் அந்த மழைக்கு முற்றத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் நின்றது. வீட்டார் நிம்மதியாக இருந்தார்கள். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. உச்சிமேடு, நாணமேடு, சுபாஉப்பலவாடி, குண்டு உப்பலவாடி, தாழங்குடா என்று கரையோர ஊர்கள் எல்லாம் மூழ்கின. மேலே ஊற்றிய மழை செய்யாததை ஆறு செய்தது. அவளுடைய சிறிய ஹேட்ச்பேக் கார் முற்றத்தில் நின்றபடி ஸ்டியரிங் மட்டத்துக்கும் மேலே மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு காம்பவுண்டு சுவரில் சேற்றுக் கோடு ஒன்று தங்கியது. முற்றத் தரையிலிருந்து 127 சென்டிமீட்டர் உயரம். டேப் வைத்து நானே அளந்தேன்.

அந்தக் காரை நான் மதிப்பிடவில்லை. சொந்த மனிதர்களின் வண்டியைத் தொடுவதில்லை என்பது என் வழக்கம். வேறொரு சர்வேயர் பார்த்தார். பழுது பார்க்கும் செலவு பாலிசியில் எழுதிய காப்பீட்டு மதிப்பின் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கணக்கில் எடுப்பார்கள். இது அந்த வரம்பை எளிதாகத் தாண்டியது. அந்தப் பணத்தோடு ஏழு ஆண்டுச் சேமிப்பும் சேர்ந்ததுதான் இருபத்து மூன்று லட்சம்.

ஸ்போர்ட்ஸ் கார் எங்கிருந்து வந்தது

இந்தப் பகுதியைப் பலர் சிரித்துக்கொண்டே கடந்துபோவார்கள். மாட்டு டாக்டருக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று அவளிடமே கேட்டவர்கள் உண்டு. எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அந்த ஆசையின் வேர் எனக்குத் தெரியும். 1980களில் அவள் அப்பாவும் நானும் லாரி பிடித்துச் சோழவரம் போவோம். பழைய விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தும். வெயிலில் நின்று தொண்டை வறளக் கத்திவிட்டு, இரவு லாரி மேல் படுத்துக்கொண்டு திரும்புவோம். மகள் பிறந்த பிறகு அவர் அவளுக்குத் தூங்கும்போது சொன்ன கதைகள் அந்தப் பந்தயங்கள்தான். தரையோடு படிந்த கார், வளைவில் திரும்பும்போது டயர் எழுப்பும் சத்தம், கியர் மாற்றும் நொடி. அப்பா இறந்த பிறகு அந்த ஆசை அவளுக்குள் இன்னும் கெட்டிப்பட்டது. இப்படி வந்த ஆசையை விளையாட்டு என்று தள்ளுவது நியாயமில்லை.

அவள் பார்த்து வைத்திருந்தது 2016ஆம் ஆண்டு ஆடி டிடி என்ற ஸ்போர்ட்ஸ் கார். புதுச்சேரியில் தொழில் நடத்தும் ஒருவருடையது. பிஒய் 01 என்று தொடங்கும் புதுச்சேரிப் பதிவு எண். கேட்ட விலை இருபத்தொரு லட்சம். 2015இல் இந்தியாவில் வந்தபோது அந்த மாடலின் விலை அறுபது லட்சத்துக்கு மேல். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 230 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும். நூறு கிலோமீட்டர் வேகத்தை ஐந்தரை விநாடிக்குள் தொடும். உயரம் 1,353 மில்லிமீட்டர். நான் பக்கத்தில் நின்றால் கூரை என் தோளுக்குக் கீழே இருக்கிறது. அழகான வண்டி. 2023 நவம்பரோடு அதன் உற்பத்தியே நின்றுவிட்டது என்பதால் நல்ல நிலையில் உள்ளவற்றுக்கு மதிப்பு கூடும் என்று அவள் கணவர் நினைத்தார்.

எதிர்ப்பக்கம் நின்ற ஜீப் மகிந்திரா தார், மூன்று கதவு, டீசல், நான்கு சக்கர இயக்கம். 2020 அக்டோபரில் வந்த தலைமுறை. ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் உடல். தரை இடைவெளி 226 மில்லிமீட்டர். 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கிறார். அந்த 650 என்ற எண்ணைத்தான் நான் அவளுக்கு முதல் நாள் மந்திரம்போலச் சொன்னேன்.

என் வாதம் உடைந்த இடம்

அடுத்த வாரம் அவள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். சேற்றுக் கோடு எதிரே தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

“மாமா, என் கார் ஓடியா மூழ்கியது?”

“இல்லையே, இங்கே நின்றுதானே.”

“ஃபெஞ்சலில் நீங்கள் பார்த்த கார்களில் எத்தனை ஓடும்போது மூழ்கியவை?”

நான் பதில் சொல்லத் தடுமாறினேன். கோப்புகளை எடுத்துப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை. அந்த டிசம்பரில் நான் மதிப்பிட்ட கார்களில் மிகப் பெரும்பாலானவை வீட்டு முற்றத்திலோ, தெருவோரத்திலோ, அடுக்ககத்தின் கீழ்த்தளத்திலோ நிறுத்தி வைக்கப்பட்டவை. உரிமையாளர் மாடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், கார் கீழே மூழ்கியிருக்கிறது. அவற்றில் தாரும் இருந்தது, பெரிய எஸ்யூவிகளும் இருந்தன. 127 சென்டிமீட்டர் தண்ணீரில் நிற்கும் தாருக்கும் டிடிக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். இரண்டுக்கும் இருக்கை மூழ்கிவிடும், இரண்டுக்கும் கணினிப் பெட்டிகள் போய்விடும். இருபத்தைந்து ஆண்டுகள் மூழ்கிய வண்டிகளுக்குள் தலையை விட்டுப் பார்த்தவன் நான். இந்த எளிய உண்மையை அவள் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

ஓடும் வண்டிக்கும் 650 மில்லிமீட்டர் என்பது ஒரு உரிமைச்சீட்டு ஆகாது. அது நிற்கும் தண்ணீரில், மெதுவாக, அடியில் தரை எப்படி இருக்கிறது என்று தெரிந்து இறங்கும்போது பொருந்தும் அளவு. ஓடும் வெள்ளம் வேறு. காரின் அடிப்பரப்பு ஏறக்குறைய ஆறு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் இருபது சென்டிமீட்டர் மூழ்கினால் அது தள்ளும் தண்ணீர் 1.2 டன். அத்தனை எடையைத் தண்ணீர் கீழிருந்து தூக்குகிறது. டிடியின் எடையே ஒன்றரை டன்னுக்குக் குறைவு. டயரின் பிடி போய்விடும், பக்கவாட்டில் வரும் நீரோட்டம் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். தார் இன்னும் கனமானது, உயரமானது என்பதால் அந்த நிலை கொஞ்சம் தாமதமாக வரும். வராமல் இருக்காது. நீரோடும் தரைப்பாலத்தில் எந்த வண்டியையும் இறக்காதீர்கள் என்று நான் பார்க்கும் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆக, வெள்ளம் என்ற காரணம் மேசையிலிருந்து விழுந்துவிட்டது. இரண்டு வண்டிகளும் மறுபடி சம நிலைக்கு வந்தன. அவள் முகத்தில் சட்டென்று வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

காகிதக் கணக்கு

இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிப் பதிவு எண்ணோடு கடலூரில் ஓடும் கார்கள் நிறைய உண்டு. அங்கே வரி குறைவு என்பதுதான் காரணம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, ஒரு வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவை மாற்ற வேண்டும். அவள் வீடு தமிழ்நாட்டில். தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரியும் கட்டியாக வேண்டும். இருபத்தொரு லட்சத்தோடு அது நிற்காது.

காப்பீட்டில்தான் எனக்குக் கவலை அதிகம். ஐந்து வயதைத் தாண்டிய வண்டியின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. அப்படிப்பட்ட வண்டிக்குத் தேய்மானக் கழிவில்லாத பாலிசி கிடைப்பது கடினம். அது இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றின் விலையில் பாதி உரிமையாளர் தலையில் விழும். டிடி போன்ற காரின் முன்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக். ஒரு பம்பர் உடைந்தால் அந்தப் பாதியே ஒரு மாத வருமானம். பெட்ரோலும் ஒரு விஷயம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முன்பு இங்கே விற்ற கார்கள் பொதுவாக அந்த அளவுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. ரப்பர்க் குழாய்களையும் சீல்களையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தாருக்கு வரி கூடுதல். 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவீதம். எல்லாம் சேர்ந்து ஆன்ரோடு விலை இருபது லட்சத்தை ஒட்டி வந்தது. பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் முதல் நாளில் இரண்டும் ஒன்று, ஐந்தாவது ஆண்டில் தார் மலிவு.

முள்ளோடை வழியாக ஒரு காலை

மார்ச் மாதம் டிடியை ஓட்டிப் பார்க்க உரிமையாளர் சம்மதித்தார். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். அவர் எங்களை நம்பி விட்டுவிட்டார். முதலியார்பேட்டையில் கிளம்பி, அரியாங்குப்பம் பாலம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை என்று கடலூர் வரை வந்து திரும்பினோம். காலை ஆறு மணி. பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலை வெறுமையாகக் கிடைத்தது. அவள் மிதித்தாள். முதுகை இருக்கை வாங்கிக்கொண்டது. வளைவில் கார் சாயவே இல்லை. தரையில் யாரோ பிடித்து வைத்ததுபோல் திரும்பியது. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அழுதுகொண்டே ஓட்டினாள் என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அவள் அப்பா உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பாகூருக்குப் போகும் கிளைச் சாலையில் திருப்பச் சொன்னேன். அவள் தினமும் போகும் வழி அதுதான். இரண்டாவது வேகத்தடையில் அடிவயிறு உரசிய சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தோம். காருக்கு ஒன்றுமில்லை, பாதுகாப்புத் தகட்டில் ஒரு கீறல். நாங்கள் இருவரும் ஏறிய நிலையில் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே 11 சென்டிமீட்டர்.

வேகத்தடைக்கு ஒரு விதி இருக்கிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவுப்படி அது 3.7 மீட்டர் அகலமாகவும் 10 சென்டிமீட்டர் உயரமாகவும் இருக்க வேண்டும். அப்படிக் கட்டினால் டிடியும் மெதுவாக ஏறி இறங்கிவிடும், ஏனென்றால் முன் சக்கரமும் பின் சக்கரமும் அந்த மேட்டின் சரிவிலேயே நிற்கும். கிராமத்துச் சாலைகளில் கிடைப்பது வேறு. ஒரு முழ அகலத்தில், அரைச் சாண் உயரத்தில் தார்க்கட்டி. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 2.5 மீட்டர் இடைவெளி உள்ள காரின் வயிற்றில் அது நேராக வந்து முட்டும். சாய்த்து ஏற்றலாம், ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக. அவள் அப்படித்தான் ஏற்றினாள். பாகூர் போய்ச் சேர்வதற்குள் பதினான்கு தடவை. தினமும் நான்கு கொட்டகைக்குப் போகிறவளுக்கு அது எவ்வளவு நேரம் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. அவளே போட்டுக்கொண்டிருந்தாள்.

“நடந்து”

இரவல் வாங்கிய காரில் ஒரு மாதம் ஓடிய வழிகளை எழுதச் சொல்லியிருந்தேன். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. முப்பது நாளில் 1,900 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் தார் போடாத வழி 26 கிலோமீட்டர்தான். அதையும் சாதாரண ஹேட்ச்பேக் சிரமமில்லாமல் கடந்திருக்கிறது. உண்மையைச் சொல்வதானால், இந்தக் கணக்கின்படி அவளுக்கு ஜீப்பும் வேண்டாம், ஸ்போர்ட்ஸ் காரும் வேண்டாம். தரை இடைவெளி கொஞ்சம் கூடிய சாதாரணக் கார் போதும். நான் அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அப்போதுதான் எனக்கு உறுத்தியது. மாசியும் பங்குனியும் காய்ந்த மாதங்கள். கடலூரில் ஆண்டைப் பார்ப்பதென்றால் ஐப்பசியையும் கார்த்திகையையும் பார்க்க வேண்டும்.

வழிக்கணக்கு அந்த மாதங்களுக்கு இல்லை. சிகிச்சைப் பதிவேடு இருந்தது. வெள்ளத்தில் நனைந்து, வெயிலில் காய வைத்துத் தாள்கள் முறுக்கிக்கொண்ட நோட்டு. 2024 அக்டோபர், நவம்பர் பக்கங்களைப் புரட்டினேன். மாட்டின் உரிமையாளர், ஊர், நோய், மருந்து என்று வரிசையாக எழுதியிருந்தாள். சில வரிகளின் ஓரத்தில் மட்டும் ஒரு சொல் இருந்தது. “நடந்து”.

எண்ணிப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் ஒன்பது.

தார்ச் சாலை முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு, வாய்க்கால் கரை வழியாக நடந்து போன நாட்கள் அவை. பாகூர் ஏரியின் பாசனப் பரப்பு களிமண். மழை பெய்தால் கரைமேல் போகும் வண்டிப்பாதை சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். இரண்டு தடவை உள்ளே போய் மாட்டிக்கொண்டு, டிராக்டர் வைத்து இழுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மழைக்காலத்தில் அவள் உள்ளே காரைக் கொண்டுபோகவில்லை. ஒன்பதில் ஒன்று நவம்பர் மாதத்து நடு இரவு. கன்று குறுக்கே கிடந்த பசு. கயிறு, சங்கிலி, குளுக்கோஸ் பாட்டில்கள், டார்ச் எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் சேற்றில் நடந்திருக்கிறாள். பதிவேட்டில் இப்படி இருந்தது: “1.40க்குச் சேர்ந்தேன். கன்று இறந்தே வந்தது. பசு பிழைத்தது.”

“முன்னாலேயே போயிருந்தால்?” என்று கேட்டேன்.

“தெரியாது மாமா. அரை மணி நேரம் என்பது கன்றுக்குப் பெரிய நேரம்.”

அதற்கு மேல் அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஜீப்புக்கு உண்மையான காரணம் அந்த நோட்டின் ஓரத்தில் இருந்தது. நாங்கள்தான் அதை ஆற்றில் தேடிக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் சோதிக்காமல் நம்பக் கூடாது. ஏப்ரலில் ஒரு கோடை மழை பெய்த மறுநாள், தெரிந்தவர் ஒருவரின் தாரை வாங்கிக்கொண்டு அதே கரைக்குப் போனோம். பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் நிலையில் இருபது அடிக்குள் வால் வழுக்கி வாய்க்கால் பக்கம் சாய்ந்தது. என் வயிறு கலங்கியது. நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் இணைத்து, குறைந்த கியர்த் தொகுதியில் போட்டு, ஆக்சிலரேட்டரை ஏறக்குறைய தொடாமலே விடச் சொன்னேன். நடை வேகத்தில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. சாலை டயர்தான் போட்டிருந்தார்கள். பள்ளங்களில் சேறு அப்பி டயர் வழுவழுப்பாகிவிட்டது. கரடுமுரடான டயர் போட்டால் இன்னும் நன்றாகப் போகும் என்பது தெரிந்தது. இந்த நான்கு சக்கர இணைப்பைக் காய்ந்த தார்ச் சாலையில் போடக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிக் கொடுத்தேன். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடும். இணைப்பு அதை விடாது. முறுக்கு ஏறி உள்ளே உள்ள பாகங்கள் தேயும்.

உயரமான வண்டிக்கு உரிய ஆபத்தையும் மறைக்கவில்லை. அதே நாள் திரும்பும்போது, டிடி சாயாமல் திரும்பிய அதே வளைவில் தார் எப்படிச் சாய்கிறது என்பதை அவளே உணரும்படி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொன்னேன். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2020இல் அது நான்கு நட்சத்திரம் வாங்கியது, நல்லதுதான். ஆனால் மோதல் சோதனை வேறு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறில் போகும்போது மாடு குறுக்கே வந்து ஸ்டியரிங்கைத் திருப்புவது வேறு. கவிழ்ந்த உயர வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை ஓட்டியவர்களின் வீட்டுக்கும் போயிருக்கிறேன்.

மேடு

வண்டி முடிவானது. வெள்ளம் மட்டும் தீரவில்லை. தாரும் அந்த முற்றத்தில்தான் நிற்கப் போகிறது, 127 சென்டிமீட்டர் கோடும் அங்கேயேதான் இருக்கிறது. “அப்படியானால் முற்றத்தை உயர்த்துவோம்” என்றாள்.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று புலப்பட்டது. நான் முதல் நாள் சொன்னது வேறு வடிவத்தில் சரியாகிவிட்டது. ஜீப்பின் உயரமும் ஏறும் திறனும் தண்ணீரைக் கடக்கப் பயன்படுவதைவிட, தண்ணீர் எட்டாத மேட்டில் ஏறி நிற்கப் பயன்படுகின்றன. கணக்குப் போட்டோம். 90 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் கொட்டி, கருங்கல் சுவர் கட்டி, மேலே கான்கிரீட் மேடை. 2024 போல வெள்ளம் வந்தால் மேடையின் மேல் 37 சென்டிமீட்டர் நிற்கும். தாரின் 18 அங்குல டயரின் மொத்த விட்டம் 79 சென்டிமீட்டர். சக்கரத்தின் மையம் 39க்குச் சற்று மேலே. தண்ணீர் அந்த மையத்துக்குக் கீழேயே நிற்கும். கதவின் அடிவிளிம்பு அதற்கும் மேலே. மாருதி ஜிம்னியையும் பார்த்தோம். எடை குறைவு, சேற்றுக்கு அருமையான வண்டி, விலையும் குறைவு. ஆனால் 15 அங்குல டயரில் அதன் மையம் 35 சென்டிமீட்டருக்கும் கீழே. இரண்டு மூன்று சென்டிமீட்டருக்காகத்தான் அதை விட்டோம்.

முற்றத்தின் நீளத்தில் ஏறு சரிவுக்குக் கிடைத்தது நாலரை மீட்டர். 90 சென்டிமீட்டர் ஏற வேண்டும் என்றால் ஐந்துக்கு ஒன்று, பதினொரு டிகிரிக்குச் சற்று மேல். தாரின் முன் ஏறுகோணம் நாற்பது டிகிரிக்கு மேல் என்பதால் அதற்கு இது சரிவே இல்லை. டிடியைக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். 11 சென்டிமீட்டர் வயிறு, 2.5 மீட்டர் சக்கர இடைவெளி என்றால் பத்து டிகிரிக்கு மேல் மடியும் உச்சியில் அடிவயிறு தட்டும். முன் பம்பர் அதற்கு முன்பே கீழே முட்டும். அதாவது டிடி அந்த வீட்டில் வெள்ளத்துக்குக் கீழேதான் நின்றாக வேண்டும். இது தெரிந்த அன்று மாலை அவள் புதுச்சேரிக்குப் போன் போட்டு, வாங்கவில்லை என்று சொன்னாள். குரல் உடையாமல் சொன்னாள்.

வாங்கிய பிறகு

ஜூனில் தார் வந்தது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீட்டை நான் பிடிவாதமாகச் சேர்க்க வைத்தேன். சாதாரண முழுக் காப்பீட்டில், தண்ணீர் புகுந்த இன்ஜினைச் சாவி போட்டுக் கிளப்பியதால் கம்பி வளைந்தது என்று தெரிந்தால் அந்தப் பகுதி இழப்பீடு பெரும்பாலும் மறுக்கப்படும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அமுக்கப் பார்க்கும், நடுவில் உள்ள இணைப்புத்தண்டு வளையும். மூழ்கிய வண்டியைக் கிளப்பாதே, பேட்டரி இணைப்பைக் கழற்று, கோடு தெரியும்படி போட்டோ எடு, பிறகு எனக்கு அல்ல, நிறுவனத்துக்குப் போன் போடு என்று ஒரு தாளில் எழுதி, டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் நான் அவளுக்கு நல்ல யோசனை சொல்லவில்லை. செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறி, ஈடுவரி நீங்கி, இப்படிப்பட்ட வண்டிகளுக்கு 40 சதவீதமாகக் குறைந்தது. மூன்று மாதம் பொறுக்கச் சொல்லியிருந்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் மிஞ்சியிருக்கும். மழைக்கு முன் மேடை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் நான்தான் துரிதப்படுத்தினேன்.

மாமியாருக்குப் பக்கவாட்டில் இரும்புப் படி வைத்துக் கொடுத்தோம். முன் இருக்கையில் ஏறிவிடுகிறார். பின்னால் மகள். ஜனவரியில் அவள் கணவரின் நண்பர்கள் தேவனாம்பட்டினம் மணலில் ஜீப்பை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். அந்த மாதங்களில் பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. டயர் ஏறினால் மணலுக்குள் இருப்பது நசுங்கும். எனக்குப் பெருமையாக இருந்தது.

2025 பருவமழையில் ஆறு அவள் வீட்டுக்குள் வரவில்லை. மேடை இன்னும் சோதிக்கப்படவில்லை. பதிவேட்டை மட்டும் வாங்கிப் பார்த்தேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை “நடந்து” என்று இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டும் வண்டிப்பாதையே இல்லாத திட்டுகள்.

டிடியைப் புதுச்சேரியிலேயே ஒருவர் வாங்கிக்கொண்டார். போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மேடைக்கும் வாசல் கதவுக்கும் நடுவே டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனையை மகள் பிடித்திருந்தாள்.

“எட்டுக்கு ஒன்று சரிவு என்றால் தட்டாது இல்லையா, மாமா?”

“தட்டாது. ஏழு மீட்டர் இருபது வேண்டும்.”

“எல்லாம் சேர்த்தும் வாசல் வரை ஆறு மீட்டர்தான் இருக்கிறது.”

“ஆமாம்” என்றேன். அவள் டேப்பை விடவில்லை. வாசல் கதவைத் தெருப் பக்கம் ஒன்றேகால் மீட்டர் தள்ள முடியுமா என்று இப்போது பட்டா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.